சத்தம் விற்கிற ஊரில் ஒரு சிவப்பு கார்

என் காரை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியின் மேல்தான். சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற குடும்பம் எங்களுடையது. பட்டாசுப் பெட்டியின் மேல் என்ன படம் போடலாம் என்பதற்கு இந்த ஊரில் எந்த வரைமுறையும் கிடையாது. பூனைக்குட்டி வரும், மயில் வரும், பனிமலை வரும், யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டு வரும். படிப்பை முடித்துவிட்டு நான் பிரஸ்ஸில் வந்து உட்கார்ந்த முதல் சீசனில் வந்தது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மேலே கூரை கிடையாது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, துருத்திக்கொண்டிருக்கும் உருண்டை விளக்குகள். பின்னணியில் ராக்கெட் வெடித்துக்கொண்டிருந்தது. அந்த வயதில் மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று யார் யாரையோ காதலித்தார்கள். நான் மெஷின் பக்கத்தில் நின்று ஒரு லேபிளைக் காதலித்தேன்.

அந்தக் கார் நிஜமாகக் கிடைப்பதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரியாபட்டிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பஞ்சு மில்லின் கொட்டகையில், அதே மாதிரி ஒரு இங்கிலாந்து வண்டி துருப்பிடித்துக் கிடப்பதாகப் பழைய பேப்பர் எடுக்கிற புரோக்கர் சொன்னார். போய்ப் பார்த்தேன். நான்கு டயரும் மண்ணோடு மண்ணாகியிருந்தன. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்து வண்டியைத் தூக்க லாரி வைத்துக்கொண்டு போனபோது, மில்காரர் கதவை மறித்து நின்றார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. அடைக்கோழியக் கலைச்சா பாவம். குஞ்சு பொரிக்கட்டும், அதுக்குப் பெறகு வந்து தூக்கிக்கிடுங்க."

முப்பது வருஷம் காத்திருந்தவனுக்கு மூன்று வாரம் பெரிதா என்று திரும்பி வந்தேன். பெரிதாகத்தான் இருந்தது. தினமும் போன் போட்டுக் கோழியின் உடல்நிலையை விசாரித்தேன்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நர்ஸ். ஊருக்குள் ஒரு ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வேலை பார்க்கிறாள். கார் லாரியிலிருந்து இறங்கியதும் வார்டில் ரவுண்ட்ஸ் போவதைப்போல அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இதுல நான் ஏற மாட்டேன். ரோட்டுலயே உக்காந்து போற மாதிரியில்ல இருக்கு! லாரி டயரு என் மூஞ்சிக்கு நேரா சுத்தும்."

"ரெண்டே சீட்டுதான். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு உனக்கு இல்லாம யாருக்கு?"

"கோழிக்கு."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். மகன் பெங்களூரில் இருக்கிறான், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த இடது பக்கத்துச் சீட்டில் இவளை ஒரு நாளாவது உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே லட்சியம். அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு நான் செய்த புத்திசாலித்தனங்களுக்கும் கோமாளித்தனங்களுக்கும் அதுவே காரணம். வெறும் கார் ஆசைதான் என்று சொல்லியிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.

விருதுநகரில் எனக்குத் தெரிந்த லாரி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வண்டியை அவரிடம்தான் கொண்டுபோனேன். முதல் நாளே அவருக்கும் காருக்கும் தகராறு. போல்ட்டெல்லாம் அந்தக் காலத்து இங்கிலீஷ் அளவு, அவரிடம் இருந்த ஸ்பானரெல்லாம் மில்லிமீட்டர். ஒன்று பெரிதாக இருந்தது, அடுத்தது உள்ளேயே போகவில்லை. "வெள்ளக்காரன் போறப்ப ஸ்பானரயும் எடுத்துட்டுப் போயிட்டான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, பட்டறையில் சொல்லி அந்தக் காருக்கென்றே எட்டு ஸ்பானர் அடிக்க வைத்தார். உதிரிப்பாகம் கேட்டால் உலகம் முழுக்க உதடு பிதுக்கினார்கள். அதனால் லோடு ஆட்டோவின் ஆல்டர்னேட்டர் ஏறியது. வேறொரு காரின் டிஸ்க் பிரேக் ஏறியது. எங்கள் ஆப்செட் மெஷினில் மை ஒற்றித் தேய்ந்து கழித்துப் போட்ட ரப்பர் பிளாங்கெட்டை வெட்டிக் காலடியில் விரித்தோம். இடது பக்கத்துச் சீட்டை மட்டும் நான் இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னேன். ஏன் என்று மெக்கானிக் கேட்கவில்லை. அவரும் கல்யாணமானவர்.

பெயின்ட்தான் பெரிய பஞ்சாயத்து. இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தொழில் பிரிண்டிங். சிவப்பு என்று ஒரு நிறம் அவர்களுக்குக் கிடையவே கிடையாது. நான் அந்தப் பழைய லேபிளைக் காட்டி அதே சிவப்பு வேண்டும் என்றேன். பெயின்டர் கதவில் ஒரு சாம்பிள் அடித்து வைத்தார். பார்க்க வந்த முதல் ஆள் மஞ்சள் கூடிவிட்டது என்றார். இரண்டாவது ஆள் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு மெஜன்டா செத்துப்போயிருக்கிறது என்றார். மூன்றாவது வந்தவர் காலண்டர் கம்பெனிக்காரர். லட்சுமியின் சேலைக்கு இதே சிவப்பைப் போட்டு ஒரு ஆர்டரே திரும்பி வந்துவிட்டதாகச் சொல்லித் துக்கம் விசாரிப்பவர்போல என் தோளைத் தொட்டார். நான்கு முறை சுரண்டி நான்கு முறை அடித்தோம். கடைசியில் முடிவான சிவப்பு யாருக்கும் பிடிக்கவில்லை என்பதால் எல்லாரும் சமாதானமானார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அவள் ஏறவில்லை. வாசல்வரை வந்து பார்ப்பாள், "நல்லாருக்கு" என்பாள், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விடுவாள். அப்போதுதான் எனக்குச் சத்தத்தின் மேல் புத்தி போனது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஒரு உறுமல் வேண்டாமா? அது தையல் மெஷின் மாதிரி டகடக என்று ஓடினால் எந்தப் பெண்பிள்ளை மதித்து ஏறுவாள்? சைலன்ஸரைக் கழற்றிவிட்டு நேர் பைப் போடச் சொன்னேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தீகன்னா பைப்புக்குள்ள பெட்ரோல் வெடிக்கும். மதுரையில வச்சு ஓட்டுங்க, சென்னையில வச்சு ஓட்டுங்க. இது சத்தம் விக்கிற ஊரு. சத்தம் கேக்குற ஊரு இல்ல."

இதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் வெடி அனுப்புகிற எங்கள் பக்கத்தில், வேலைநாளில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் யாரும் கைதட்டுவதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்து, வானத்தில் எந்தப் பக்கம் புகை தெரிகிறது என்று பார்ப்போம். அப்புறம் அந்தப் பக்கம் வேலைக்குப் போன சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவோம். இதெல்லாம் தெரிந்துதான் பைப்பை மாட்டினேன். கேடு வரும்போது மதி கெட்டுவரும் என்பார்கள். எனக்குக் கேடு வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மதி கெட்டுப் போயிருந்தது.

அன்று புதன்கிழமை, காலை பதினொரு மணி. அவளுக்கு வார விடுமுறை. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு ஊர் எல்லையில், நாரணாபுரம் போகிற பக்கம். நான் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு, உறுமிக்கொண்டே வந்து, வீட்டு வாசலில் காலை எடுத்தேன்.

டமார்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டு மாடியில் இருந்த புறாக்கள் ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் பறந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முதல் நொடியில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குள் தெருவே வெளியே வந்துவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்த்தார்கள். கதவு திறந்தது. அவள் வந்தாள். ஈரத் தலையைக் கொண்டை போட்டு, வெள்ளைக் கோட்டைத் தோளில் போட்டு, காலில் ஜோடி சேராத செருப்போடு ஓடிவந்து, கார்க் கதவைத் திறந்து இடது சீட்டில் உட்கார்ந்தாள்.

"எடுங்க வண்டிய. ஆஸ்பத்திரிக்கு."

"வெடிச்சது என் காரு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருஷமாக நான் துருவைச் சுரண்டியது அதற்காகத்தான். சொன்னால் இறங்கிவிடுவாள். அடுத்த தெருவரைக்கும் போய்விட்டுச் சொல்லலாம் என்று கியரைப் போட்டேன்.

அடுத்த தெருவுக்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். "அக்கா, சத்தம் கேட்டுச்சா? பெருசு. பக்கத்துலதான். பெட்டு எத்தன காலி? நாலா? டாக்டரக் கூப்பிடுங்க. சலைன் எடுத்து வைக்கச் சொல்லுங்க." ஒவ்வொரு போனுக்கும் என் வாய் இன்னும் கொஞ்சம் இறுகியது. இதற்கிடையில் எனக்கு வேறொரு கவலை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மறுபடியும் வெடிக்கும், குட்டு உடைந்துபோகும். அதனால் வலது காலை எடுக்காமலே, இடது காலால் பிரேக்கையும் கிளச்சையும் மாற்றி மாற்றி மிதித்து, வளைவுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்து பஸ்ஸெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்குத்தான் நீங்க உருப்படியா வண்டி ஓட்டுறீக."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் டிரைவிங்கை அவள் பாராட்டியது அதுவே முதல் தடவை. தேனும் விளக்கெண்ணெயும் சேர்த்துக் குடித்த மாதிரி இருந்தது. எதிரே மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். என்னைத் தேடிப் போகிற வண்டி என்னைத் தாண்டிப் போனது. டீக்கடை வாசலில் ஒருவர் கையைக் காட்டி, நாரணாபுரம் பக்கம் புகையைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் போனில் பேசினாள். "நாலு பெட்டு பத்தாதுக்கா. கை கட்டுப்போட்ட அந்தப் பிள்ளைக்கு இப்பப் பரவால்லல்ல? அதை வராண்டாவுல பாய் போட்டுப் படுக்க வைங்க. வேற வழியில்ல."

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேகத்தடை. அதற்கு மேல் என் வித்தை பலிக்கவில்லை. காலை எடுத்தேன். வாசலில் இரண்டு ஸ்ட்ரெச்சர், நான்கு நர்ஸ், கையுறை மாட்டிய டாக்டர், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று எல்லாரும் வரிசையாக நிற்க, அவர்கள் முன்னால் என் கார் டமார் என்று வெடித்து நின்றது.

ஆம்புலன்ஸ் டிரைவர் குனிந்து பைப்பைப் பார்த்தார். "அண்ணாச்சி... முன்ன கேட்டதும் இதுதானா?"

நான் தலையை ஆட்டினேன். ஒரு ஸ்ட்ரெச்சர்காரர் சிரிக்க ஆரம்பித்தார். வயதான நர்ஸ் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே உட்கார்ந்து, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வீட்டு வாசல்லயே."

"அம்புட்டுத் தூரமும் யாரத் தூக்கி எங்க போடன்னு கணக்குப் போட்டுக்கிட்டே வந்தேன். அதப் பாத்துக்கிட்டே வந்தீகளா?" அவள் கதவைத் திறந்து இறங்கினாள். "வாங்க. வந்து நீங்களே தூக்குங்க."

தீயணைப்பு நிலையத்துக்கு நானே போன் போட்டு உண்மையைச் சொன்னேன். அந்த அதிகாரி திட்டியதை எழுதினால் என் பிரஸ்ஸிலேயே அச்சடிக்க மாட்டார்கள். பிறகு அவள் பின்னாலேயே வார்டுக்குள் போனேன். இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ முறை பைக்கில் அவளை அந்த வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேனே தவிர, உள்ளே போனது அன்றுதான். பட்டாசுப் பெட்டிக்குப் பூனைக்குட்டியும் மயிலும் அச்சடிக்கிறவன் அங்கே எந்தக் கட்டிலையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வராண்டாவில் பாயில் உட்கார்ந்திருந்தது ஒரு இளம்பெண். முழங்கை வரைக்கும் இரண்டு கையிலும் கட்டு. நானும் இன்னொரு ஆளும் பாயோடு அவளைத் தூக்கிக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தோம். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"எந்தக் கம்பெனி அண்ணாச்சி? என் தங்கச்சியும் அந்தப் பக்கந்தான் வேலைக்குப் போறா. போன் எடுக்க மாட்டேங்கா."

"கம்பெனி எதுவும் இல்லம்மா. வெடிச்சது என் காரு. சைலன்ஸரக் கழத்திட்டு ஓட்டினேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"காரா? நெசமாவே காரா?"

"நெசமாம்மா."

"வேற எங்கனயும் ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் கட்டுப்போட்ட இரண்டு கையையும் சேர்த்து மார்புக்கு நேராகத் தூக்கினாள். கும்பிடுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "நல்லாருங்க அண்ணாச்சி" என்றாள். "வெறும் காரா இருந்ததுக்கு நீங்க நல்லாருக்கணும்." வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

என் மனைவி ஆட்டோவில் வீட்டுக்குப் போனாள். நான் காரை ஸ்டார்ட் செய்யவே பயந்து, ஒரு லாரியில் கயிறு கட்டி விருதுநகர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். "அப்பவே சொன்னேன்ல" என்று மெக்கானிக் நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறை நானே சொல்லிவிட்டேன். பழைய சைலன்ஸர் போதாது என்று இன்னொன்றையும் சேர்த்து மாட்டச் சொன்னேன். இப்போது வண்டி வருவதே தெரியாது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற ஒருவர் மதுரையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இதற்குப் பதிலாக நீங்கள் ஒரு மாட்டு வண்டியே வாங்கியிருக்கலாம் என்றார்.

மூன்று வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே வந்தாள். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள். செய்தேன். பானெட்டில் காதை வைத்துக் கேட்டாள். பின்பக்கம் போய்க் குனிந்து கேட்டாள். என்னைக் காலை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ஆனைக்குட்டம் அணைப் பக்கம் போகலாம் என்று கிளம்பினோம். அவளிடம் சொல்ல என்னென்னவோ வைத்திருந்தேன். சீட்டை உயர்த்தியதை, சிவப்புப் பஞ்சாயத்தை, அந்தப் பெண் கும்பிட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை என்பதை. இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பிப் பார்த்தால் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள். பஸ்ஸானாலும் ரயிலானாலும் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. வெளியே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது எப்போதும் விழித்துக்கொண்டே வரும். நான் அணையைத் தாண்டியும் வண்டியை நிறுத்தவில்லை. பெட்ரோல் தீர்கிற வரைக்கும் ஓட்டினேன்.