ஆல்டோவில் ஓரிடம்

எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருபத்தெட்டு வருஷம் ஆல்டோ பாடினேன். ஆல்டோ என்றால் பெண்களின் கீழ்க்குரல். மெட்டை மேற்குரல் பாடும் சொப்ரானோக்காரர் கொண்டுபோய்விடுவார்கள். நாங்கள் அதற்குக் கீழே இரண்டு மூன்று சுரங்களையே சுற்றிக்கொண்டிருப்போம். தனியே பாடினால் என்ன பாட்டென்று யாருக்கும் பிடிபடாது.

என் கணவர் சைவர். எங்கள் கலியாணத்துக்குப் பதிவாளர் முன்னால் எழுத்து மட்டும்தான் நடந்தது. அவர் தன் கோயிலுக்குப் போனார், நான் என் கோயிலுக்குப் போனேன். சனிக்கிழமைப் பயிற்சிக்கு உரும்பிராயிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து, முடியும்வரை வெளியே பேப்பர் படித்துக்கொண்டு நிற்பார். குசினியில் சமைத்தபடி நான் ஆல்டோவை ஓயாமல் பாடிப் பழகுவதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் பாட்டு என்று நினைத்துவிட்டார் மனுஷன். ஒரு டிசம்பரில் நத்தார் ஆராதனைக்கு உள்ளே வந்திருந்து முழுவதையும் கேட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொன்னார்:

“உவையள் எல்லாரும் பிழையாய்ப் பாடுகினம். நீர் ஒராள்தான் சரி.”

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் போய்விட்டார். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அந்த வெறும் நெற்றியைப் பார்க்க எனக்கு வேறு யாரோ போலிருந்தது. அவருடைய தம்பி திருநீற்றுத் தட்டோடு தயங்கி நின்றார்.

“அண்ணி, பூசலாமோ?”

“தாருங்கோ, நானே பூசுறன்.”

மூன்று விரலால் பூசினேன். பூசும்போதே, ‘இயேசுவே, இவரை உம்முடைய கையில் தருகிறேன்’ என்று மனதுக்குள் ஜெபித்தேன். ஜெபித்தது யாருக்கும் தெரியாது. பூசியது மட்டும் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த மாதம் போதகரும் சபைச் செயலாளரும் என்னைக் கூப்பிட்டார்கள். செயலாளர் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். பக்கத்திலிருப்பவனின் பிழையை எழும்பி நின்று சொல்வதில் அப்போதே கெட்டிக்காரர்.

“ரீச்சர், திருநீறு பூசினதாலை உங்கடை கிறிஸ்தவ சாட்சி கெட்டுப்போச்சு. ஒரு ஞாயிறு சபைக்கு முன்னாலை எழும்பி, நான் செய்தது பாவம் எண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ. அடுத்த கிழமையே திரும்பப் பாடலாம்,” என்றார்.

ஒரு வசனம்தானே, சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு ஆசை எனக்கு. வீட்டில் சொல்லிப் பழகியும் பார்த்தேன். ‘நான் செய்தது’ வரை வரும். அதற்கு மேல் வாய் வராது. போதகரிடம் இரண்டு தரம் நாள் குறித்து, இரண்டு தரமும் போகாமல் விட்டேன். மூன்றாம் தரம் நேரே போய்ச் சொன்னேன்.

“நான் ஆண்டவரிட்டைக் கேட்டுப் பாத்திட்டன், ஐயா. இதைப் பாவமெண்டு அவர் எனக்குச் சொல்லேல்லை. அவர் சொல்லாததை உங்களுக்காக நான் சொல்லேலாது.”

போதகருக்கும் முகம் வாடிவிட்டது. “அப்ப பாடேலாது, ரீச்சர்,” என்றார், மெதுவாக.

பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை எடுக்க மறந்துவிட்டார்கள். அல்லது யாரோ இரக்கப்பட்டு விட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் ஆல்டோ ஒலிப்பதிவு வருகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒன்றையும் தவறவிடாமல் பழகி வைத்திருக்கிறேன். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துதான்.

இந்த ஈஸ்டருக்குக் கோயிலில் கடைசி வாங்கு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழு எழும்பியது. ஆல்டோவில் இரண்டு பெண்பிள்ளைகள்தான். இரண்டுபேருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்ததுபோல எனக்குப் பட்டது. பாடுவதென்று நான் நினைத்து வரவில்லை. பாட்டுத் தொடங்க என் வாயும் திறந்துவிட்டது. செயலாளர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று கடைசி அடிவரை பாடினேன்.

ஆனால் சேரவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பாடினால் குரல் கொஞ்சம் பிந்திவிடுகிறது. அவர்கள் முடித்த பிறகுதான் என்னுடைய ஒவ்வோர் அடியும் முடிந்தது. ஆண்டவருக்கு அது பிந்திக் கேட்டிருக்காது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனாலும் முன்னால் போய் அவர்களோடு நின்று பாடத்தான் எனக்கு ஆசை.