ராஜகோபாலன் பிரித்த உறை

கச்சேரி ரோட்டில் என் கம்ப்யூட்டர் டைப்பிங் கடைக்கு வந்துபோனவர்களிலேயே நான் மனதார வெறுத்தவர் ராஜகோபாலன்தான். வங்கி அதிகாரி. மூன்று தெரு தள்ளி வீடு. மகன் ஸ்ரீநாத் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போக வேண்டியவன் அவன், ஆனால் 1995 முழுக்க விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவர் இவர். படிவத்தில் கையெழுத்து ஒன்றுதான் பையனுடையது. எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டால்கூட, அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்பான்.

பேராசிரியர்கள் தரும் சிபாரிசுக் கடிதத்தின் லட்சணம் எனக்கு நன்றாகவே தெரியும். கல்லூரி லெட்டர்ஹெட்டின் அடியில் கையெழுத்தை மட்டும் போட்டுத் தந்துவிடுவார்கள். மேலே பையன்களே தங்களைப் புகழ்ந்து எழுதிக்கொள்ளலாம். டைப் அடித்தவன் நான். மாம்பலத்திலிருந்து அடையாறு வரை ஒருத்தன் பாக்கியில்லாமல் வகுப்பில் முதல் ஐந்து சதவீதம். மீதித் தொண்ணூற்றைந்து எங்கே போனது என்று எவனும் கேட்டதில்லை.

தேவானை மேடம் அப்படிப்பட்டவர் அல்ல. ஸ்ரீநாத்தின் புராஜெக்டை மேற்பார்வையிட்டவர். கடிதத்தைத் தானே எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்தும் போட்டுத் தந்தார். ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் தன் ஆய்வகத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் ஸ்ரீநாத்துக்கு அமெரிக்கா கிடையாது. உறையைத் தபாலில் சேர்க்கும் வேலையையும் அப்பாவே எடுத்துக்கொண்டார்.

ஒட்டிய உறை வீட்டில் இருக்கும்போது ராஜகோபாலனுக்குச் சோறு இறங்குமா? இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துவிட்டார். மறுநாள் காலை கடிதமும் கையுமாக என் கடையில் நின்றார்.

"படிச்சுப் பாருங்கோ மதிவாணன். இந்தப் பொம்மனாட்டி என் பிள்ளை தலையில மண்ணை வாரிப் போட்டிருக்கா."

படித்தேன். முதல் வருஷம் ஒரு பாடத்தில் தோற்றான் என்று ஒரு வரி இருந்தது. அப்புறம், மேடம் அச்சில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு கணக்கு தப்பு என்று இவன் கண்டுபிடித்ததைப் பற்றி எழுதியிருந்தார். மூன்று வாரம் அவர் ஒப்புக்கொள்ளவில்லையாம். இவன் விடவில்லையாம். கடைசியில் இவன் சொன்னதுதான் சரி, என் மாணவர்களில் இப்படி இன்னொருவனை நான் பார்த்ததில்லை என்று முடித்திருந்தார்.

பத்தாவது வரை படித்த எனக்கே அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரிந்தது. இரண்டு பட்டம் வாங்கிய ராஜகோபாலனுக்குப் புரியவில்லை. வாத்தியாரிடமே தப்புக் கண்டுபிடித்தவன் என்று எழுதினால் அடங்காப்பிடாரி என்றல்லவா நினைப்பார்கள், எவன் சேர்ப்பான் என்று குதித்தார். வேறொரு விரிவுரையாளர் கையெழுத்திட்ட வெற்று லெட்டர்ஹெட் அவர் பையில் தயாராக இருந்தது. அதில் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நல்ல குடும்பத்துப் பிள்ளை, பெரியவர்களுக்கு அடங்கி நடப்பவன், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். இதைப் படித்துவிட்டு அவர்கள் ஆய்வகத்தில் இடம் தரப்போகிறார்களா, பெண் தரப்போகிறார்களா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அந்த வகையில் நானும் அவரைவிட உசத்தி இல்லை. மேடத்தின் கடிதத்தைக் கசக்கி மேஜைக்கடியில் எறிந்துவிட்டுப் போனார். எனக்கு மனசு கேட்காமல் எடுத்து நீவி இழுப்பறையில் வைத்தேன்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் பதில் வந்தது. சேர்த்துக்கொண்டால் கனத்த பொட்டலமாக வரும். ஸ்ரீநாத்துக்கு வந்தது ஒற்றைத் தாள். அதே வாரம் அந்த அமெரிக்கப் பேராசிரியர் தேவானை மேடத்துக்கு எழுதியிருந்தார். உங்கள் கடிதத்துக்காகக் கடைசிவரை காத்திருந்தேன், வரவில்லை, இடத்தை வேறொரு மாணவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று. மேடம் ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டுக் கேட்க, அவன் அப்பாவைக் கேட்க, அவர் கொஞ்சமும் கூசாமல் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்.

ஸ்ரீநாத் நேராக என் கடைக்கு வந்தான். பின்னாலேயே அவரும் வந்தார். இழுப்பறையைத் திறந்து கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் படித்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"உன் நல்லதுக்குத்தான்டா பண்ணினேன்" என்றார் ராஜகோபாலன். "நீ அப்படிப்பட்டவன் இல்லேன்னு எனக்குத் தெரியாதா?"

"அது நான்தாம்பா" என்றான். "நாலு வருஷத்துல நான் உருப்படியா பண்ணினது அது ஒண்ணுதான்."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். ராஜகோபாலன் என் பக்கம் திரும்பினார்.

"பார்த்தேளா, எப்படி எதிர்த்துப் பேசறான்? நல்லவேளை, அதை நான் அனுப்பலை."