முசொண்டாவும் நண்பகல் இரைச்சலும்

முசொண்டா கபாசோ காந்த அறைக்குள் நுழையுமுன் கொண்டை ஊசிகளைக் கழற்றி வாசல் மேசையில் வைப்பார். பிறகு கைக்கடிகாரம், பிறகு சாவிக்கொத்து. லுசாகாவில் எங்கள் வேதியியல் துறைக்கென்று இருக்கும் ஒரே என்.எம்.ஆர். கருவிக்கு அவர்தான் பொறுப்பு. காந்தத்துக்குள் மூலக்கூறுகள் முணுமுணுப்பதைக் கேட்டுத் திரையில் கூரிய முகடுகளாக, பீக் பீக்காக, நிறமாலை வரைந்து காட்டும் கருவி அது. பக்கத்தில் எது இரைந்தாலும் அந்த முணுமுணுப்பு அமுங்கிவிடும். "என்கிட்ட வர்றதெல்லாம் ரகசியம் பேசுற கூட்டம். நீங்க வெளியில போய்க் கத்துங்க" என்று மாணவர்களான எங்களை விரட்டுவார்.

ஐம்பதை நெருங்குகிறவர். கிட்வேயில் சுரங்கத் தொழிலாளியின் மகள். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு இங்கே சேர்ந்தார். கருவி பெட்டியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அதை விட்டு நகரவில்லை. தவறாகச் சொன்னாலும் உறுதியாகத்தான் சொல்வார்.

அப்படி ஒருமுறை சொன்னார். அக்டோபர் கடைசியில் கார்பன் நிறமாலைகளில் வேண்டாத பீக்குகள் முளைத்தன. உண்மையான பீக் எத்தனை முறை எடுத்தாலும் அதே இடத்தில் நிற்கும். இவை ஒவ்வொரு முறையும் இடம் மாறி உட்கார்ந்தன. முசொண்டா விளக்குகளை அணைத்துப் பார்த்தார், ஏ.சி.யை நிறுத்திப் பார்த்தார், கேபிள் முனைகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் முறுக்கினார். ஒரு பிற்பகல் நிறமாலை கழுவிவிட்டதுபோல் வந்தது. "முடிஞ்சுது. ஒரு முனை லூசா இருந்திருக்கு" என்று துறை முழுக்க அறிவித்தார். மறுநாள் நண்பகல் இரைச்சல் திரும்பி வந்தது, முன்னைவிடக் கூடுதலாக.

துறைத் தலைவர் மூங்காவுக்கு அதோடு பொறுமை தீர்ந்தது. காந்தத்தின் அடியில் செருகியிருக்கும் ப்ரோப்தான் சிக்னலை வாங்கும் பாகம். அதுதான் பழுது, வெளிநாட்டுக்கு அனுப்பிச் சரிசெய்யலாம் என்று முடிவெடுத்தார். வெள்ளிக்கிழமை கூரியர் வண்டி வரும்.

"அனுப்பினா திரும்பி வர ஆறு மாசம் ஆகும் சார். பசங்க தீசிஸெல்லாம் அதுவரைக்கும் தூங்கும். ப்ரோப்ல ஒண்ணுமில்ல."

"போன வாரமும் இதே குரல்லதானே முடிஞ்சுதுன்னீங்க?"

"போன வாரம் தப்பு. இந்த வாரம் சரி."

"எப்படி நம்புறது?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுறேன்."

முசொண்டா ப்ரோப்பிலிருந்து கேபிளைக் கழற்றி அதன் முனையில் ஒரு கம்பி வளையத்தை மாட்டினார். கருவியே ரேடியோ ஆகிவிட்டது. வளையத்தைப் பிடித்தபடி அவர் நடக்க, நான் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிழக்குச் சுவரருகே இரைச்சல் எகிறியது. அவர் அங்கேயே நின்றார். சட்டென்று அது அடங்கியது. சற்று நேரத்தில் மறுபடி எழுந்தது. முசொண்டா ஜன்னலுக்கு வெளியே அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம் சூரியனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"சுத்தமா வந்துச்சே, அன்னிக்கு மத்தியானம் மழை மூட்டம்" என்றார். "நான் முனையை முறுக்கினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெரேயின் கடை. மின்வெட்டு மோசமானதிலிருந்து தகரக் கூரைமேல் சோலார் பேனல் போட்டு ஊருக்கெல்லாம் போன் சார்ஜ் செய்துகொடுத்தார். கடையைக் காலி செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகம் ஒருமுறை கடிதம் அனுப்பியதிலிருந்து எங்கள் அடையாள அட்டையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பேனலைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லி வியாழன் காலை அலுவலகத்திலிருந்து போனவரைத் துரத்திவிட்டார். "அன்னிக்குக் கடையை எடுன்னீங்க. இன்னிக்கு வெயிலை எடுன்னு வர்றீங்களா?"

பிறகு முசொண்டா போனார். அவர் பெம்பா, ஜெரே ங்கோனி. இரண்டு இனத்துக்கும் இடையே கேலி முறை; ஒருவரையொருவர் கசின் என்பார்கள், ங்கோனி எலி தின்பவர், பெம்பா குரங்கு தின்பவர் என்று சீண்டுவார்கள். சாவு வீட்டில்கூட என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, கேட்டால் லேசில் மறுக்கவும் முடியாது.

"கசின், கூரைமேல என்ன காயப்போட்டிருக்கே? மத்தியானத்துக்கு எலியா?"

"குரங்கு கிடைக்காம பெம்பாக்காரி பட்டினியா அலையிறான்னு சொன்னாங்க. வா, எலி தர்றேன்."

போனோடு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எலி வேணாம். உன் பேனலை அரை மணி நேரம் அணைச்சுக் குடு."

"யுனிவர்சிட்டி கேக்குதா?"

"யுனிவர்சிட்டிக்கு நீ குடுக்க மாட்டே. கசின் கேக்குறேன். மாட்டேன்னா உன் சாவு வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பேன்."

"அதுக்காகவே நான் உனக்கப்புறம்தான் சாவேன்" என்றபடி ஜெரே எழுந்தார். "நானும் வந்து பாப்பேன். என் பேனல் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுதுன்னு தெரியணும்."

காந்த அறை வாசலில் முசொண்டா அவரிடம் போனை வாங்கினார், சாவியை வாங்கினார், பெல்ட்டையும் கேட்டார்.

"பெல்ட்டுமா?"

"இரும்பு பக்கிள். காந்தம் உன்னையும் சேர்த்து இழுத்துக்கும்."

ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடியே ஜெரே திரைமுன் நின்றார். ப்ரோப் மறுபடி இணைக்கப்பட்டிருந்தது. கடையில் சுவிட்சருகே அவர் மனைவி. முசொண்டா ஜன்னலில் கையசைக்க, பேனல் அணைந்தது. நிறமாலை சுத்தம். போட்டதும் குப்பை. அணைத்ததும் மறுபடி சுத்தம். பார்க்க வந்திருந்த மூங்கா இன்னொரு முறை போடச் சொன்னார், பிறகு இன்னொரு முறை.

"ப்ரோப் நல்லா இருந்தா வெளி இரைச்சலை ஏன் உள்ள விடுது?"

"எந்தக் காதும் முழுச்செவிடு இல்ல சார். இவ்வளவு கிட்ட கத்தினா கேக்கத்தான் செய்யும்."

"அதுக்காகக் கடையை மூட முடியாது" என்றார் ஜெரே.

"யாரு மூடச் சொன்னா? பேனல்லேருந்து வர்ற கம்பியை ஒழுங்காக் கட்டு. துணிக்கொடி மாதிரி ரெண்டையும் தனித்தனியா இழுத்துவிட்டிருக்கே. அது கம்பியில்ல, ஏரியல்."

அன்று மாலையே இருவரும் ஏணி போட்டு ஏறினார்கள். நீளத்தைக் குறைத்து, இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று பின்னினார்கள். பழைய கணினி கேபிள்களில் இரைச்சலை அடக்க மாட்டியிருக்கும் கறுப்பு ஃபெரைட் உருளைகளைப் பிரித்தெடுத்து அவற்றில் கோத்தார் முசொண்டா. இறங்கும்வரை எலியும் குரங்கும் ஓயவில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல் வெயில் கண்ணைக் கூசச்செய்தது. கடையில் கூட்டம். மரப்பட்டைச் சாறு ஒன்றின் கார்பன் நிறமாலை மெதுவாக எழுந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சிறு முள் இருந்தது. "அது கிடக்கட்டும். அங்க எந்தக் கார்பனும் வராது" என்றார் முசொண்டா. மூங்கா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கூரியர் ஆபீசுக்குப் போன் செய்தார். வண்டி கிளம்பிவிட்டிருந்தது.

ஓட்டுநர் வந்து வாசலில் நின்றார். "பார்சல் எங்க மேடம்?"

"இல்ல."

"அப்ப நான் எதை எடுத்துட்டுப் போறது?"

"ஒண்ணுமில்ல. அது உள்ள வேலை பாத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு, முசொண்டா அடுத்த மாணவரின் குழாயை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.