திரும்பிப் பார்க்காத நடை

கல்யாணத்துக்கு முன்பு, இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சண்டைப் படம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கும் என் அண்ணன் மனைவிக்கும் ஒரே அறையில் வேலை. ஞாயிறு வந்தால் மதினியையும் இழுத்துக்கொண்டு சாத்தூர் தியேட்டருக்குப் போய்விடுவேன்.

எங்கள் ஊர்க்காரர்களோடு சண்டைப் படம் பார்ப்பதே தனிக் கூத்து. நாயகன் சிகரெட்டைச் சுண்டி எறிந்தால் பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் காலைத் தூக்கிக்கொள்வார்கள். கார் வெடித்தால், "இது பெட்ரோலு லே, நம்ம மருந்துன்னா வெள்ளைப் புகையில்ல வரும்" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து தீர்ப்பு வரும். வில்லனின் ஆட்கள் இருபது பேரும் ஒவ்வொருவராக வந்து அடிவாங்குவதைக்கூட மன்னித்துவிடுவோம். மதினிக்கு ஒன்றுதான் பொறுக்காது. பின்னால் கட்டடமே வெடித்துச் சிதறும், நாயகன் திரும்பிக்கூடப் பார்க்காமல் மெதுவாக நடந்து வருவான்.

"உள்ள ஆளு கெடக்கா இல்லையான்னு பாக்க வேண்டாமா? என்ன மனுசன் இவன்?"

"அதான் மதினி ஸ்டைலு. சும்மா இருங்க."

எனக்கு அந்த நடையைப் பார்த்தாலே உடம்பு சிலிர்க்கும்.

நாங்கள் மருந்து செலுத்தும் அறைக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. சத்தம் கேட்டால் கிட்ட இருக்கிற வாசலில் இறங்கி ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள். சீசன் நேரத்தில் ஒரு நாள் முற்பகலில் பக்கத்து அறையில் தீப்பிடித்தது. நான் கிழக்கு வாசலில் குதித்து, வெறுங்காலோடு முள்ளுக்காட்டைத் தாண்டி, ஒரு கருவேல மரத்தடியில் போய்த்தான் நின்றேன். மதினி மேற்கு வாசலில் ஓடியிருக்கிறாள். அந்தப் பக்கம் ஓடிவந்தவர்களில் என்னைக் காணோம்.

நான் திரும்பியபோது அவள் மறுபடி எங்கள் அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். உள்ளே காலையிலிருந்து நாங்கள் செலுத்திய சரக்கு அம்புட்டும் அப்படியே கிடந்தது. கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை.

கிழக்கு வாசலில் வெளியே வந்தாள். கண்ணைச் சுருக்கித் தேடினாள். மரத்தடியில் என்னைக் கண்டதும் ஓடி வந்தவள், பாதி தூரத்தில் கால் துவண்டு நடக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எங்கள் அறை வெடித்தது. கூரை எழும்பி விழுந்தது. என் காலடியில் தரை அதிர்ந்தது. அவளுக்குப் பின்னால் வானம் முட்ட வெள்ளைப் புகை. மதினி திரும்பவில்லை. கையெல்லாம் அலுமினியத் தூள் மினுங்க, என் முகத்தை மட்டும் பார்த்தபடி நடந்து வந்தாள். எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், அப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கிட்டே வந்ததும் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"எந்த வாசல் வழியா ஏட்டி போன?"

அவளுக்குப் பின்னால் கையைக் காட்டினேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.