ஒரு வரியில் அடங்காத ஊர்

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கல்யாணப் பத்திரிகை. அச்சடிக்கும் பொறுப்பை மாப்பிள்ளையான நானே எடுத்துக்கொண்டேன். என் பெயருக்குக் கீழே 'திண்டுக்கல்' அடக்கமாக நின்றது. பெண் வீட்டு ஊரான முத்துவெங்கடாசலநாயக்கன்பட்டி மட்டும் அடுத்த வரிக்கு வழிந்தது.

"முழுசாப் போட்டா ரெண்டு வரி போகும் சார்," என்றார் அச்சகக்காரர்.

எனக்கு எரிச்சல். "இதெல்லாம் ஒரு வார்த்தையா? மு.வெ.பட்டின்னு போடுங்க," என்றேன்.

யாரையும் கேட்காமல் பெண் வீட்டுக்கும் ஒரு கட்டுப் பத்திரிகை அனுப்பிவிட்டேன். "பத்திரிகை வந்துருச்சு மாப்ள, நல்லாருக்கு," என்று மட்டும் மாமனார் போனில் சொன்னார்.

கல்யாணம் முடிந்து முதல் தடவை அந்த ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டில் காப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள். அங்கே காலண்டர் ஆணியில் எங்கள் பத்திரிகை தொங்கியது. மு.வெ.பட்டியை அடித்துவிட்டு, அதற்கு மேலே நீலப் பேனாவால் முழுப் பெயரும் எழுதியிருந்தது.

"அப்பா எழுத்து," என்றாள் மனைவி மெதுவாக. "அம்புட்டுப் பத்திரிகையிலயும் எழுதுனாரு. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னுட்டாரு."

யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியாமல் பத்திரிகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுத்து கொஞ்சம் நெருக்கம்தான். ஆனால் முழுப் பெயரும் ஒரே வரியில் அடங்கியிருந்தது.