குளிர்ந்த குதிகால்

பிரசவ வார்டில் அவளைப் பஞ்சுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, அட்டையிலுள்ள வட்டங்களில் ரத்தத்தை ஊறவிட்டு, தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அந்த நர்ஸின் வேலை. கைதான் பஞ்சு, வாய் அப்படியில்லை. குத்த வேண்டாமென்று மூக்கைச் சிந்தும் தாய்மார்களை ஒரு பிடி பிடித்துவிடுவாள். குறை இப்போதே தெரிந்தால் தினம் ஒரு மாத்திரையோடு போயிற்று, தெரியாமல் விட்டால் மூளை வளராது, அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு என்ன பயன் என்பாள். சொன்னதெல்லாம் சரிதான்.

தங்கைக்குக் குழந்தை பிறந்தபோதுதான் எல்லாம் கோணியது. கல்யாணமாகிப் பல வருடம், கண்டவர் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பெற்ற பிள்ளை. பஞ்சுக்கை குத்தினாள். பாதம் சில்லென்றிருந்தது, ரத்தம் அரை வட்டத்துக்குக்கூட வரவில்லை. வேறு குழந்தையென்றால் வெந்நீரில் நனைத்த துணியால் பாதத்தைச் சூடாக்கி மறுபடி குத்தியிருப்பாள். தங்கை அழுதுகொண்டே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்க்கா. பாவம், அழக்கூட தெம்பில்ல அவனுக்கு."

அத்தனை பேருக்கும் பாடம் நடத்திய வாய் அன்று அடைத்துப்போனது. பக்கத்துக் கட்டில் குழந்தையைக் குத்தியபோது ரத்தம் தாராளமாக வந்தது. ஒரு புது அட்டையை எடுத்து, தங்கை பிள்ளையின் விவரத்தை எழுதி, அந்த ரத்தத்தாலேயே வட்டங்களை நிரப்பினாள். நீ தூங்கும்போது மறுபடி குத்தி எடுத்துவிட்டேன் என்று தங்கையிடம் சொன்னாள். எங்கோ ஒன்றுக்கு வருவது நம் வீட்டுக்கா வரப்போகிறது என்று நினைத்தாள். குறை எதுவும் இல்லையென்று முடிவு வந்தது.

பிள்ளை அழவே மாட்டான். பாலுக்குக்கூட உலுக்கி எழுப்ப வேண்டும். இப்படியொரு தங்கமான பிள்ளையா என்று வந்தவர்களெல்லாம் கொஞ்சினார்கள், தங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. உட்கார வேண்டிய மாதத்தில் தலையே நிற்கவில்லை. நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. டாக்டரிடம் போனபோது பஞ்சுக்கையும் கூடப் போனாள். தைராய்டு பார்த்தாயிற்றா என்றுதான் அவர் முதலில் கேட்டார். தங்கை முந்திக்கொண்டாள்.

"எங்க அக்காவே எடுத்தா, டாக்டர். எல்லாம் நல்லா இருக்குன்னு வந்துச்சு."

டாக்டர் பஞ்சுக்கையைப் பார்த்தார். அப்போதாவது வாயைத் திறந்திருந்தால் பிள்ளை பாதியாவது மீண்டிருப்பான். வேலை போய்விடும், தங்கை முகத்தில் விழிக்க முடியாது என்ற இரண்டு பயமும் சேர்ந்து நாக்கைக் கட்டிப்போட்டன. தலையை மட்டும் ஆட்டினாள், பாவி. அவர் தைராய்டை விட்டுவிட்டு நரம்பு, தசை என்று எங்கெல்லாமோ தேடினார். வேறொரு டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வதற்குள் பிள்ளைக்கு இரண்டு வயதாகிவிட்டது. தைராய்டு குறைதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில்தான் ஏதோ மாறிப்போயிருக்கிறது என்று வீடே வாயில் வந்தபடி திட்டியது. அவளும் சேர்ந்து திட்டினாள்.

பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அவன் இன்று சுவரைப் பிடித்து நடக்கிறான். காலையில் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது பெரியம்மாதான், வேறு யார் கொடுத்தாலும் துப்பிவிடுகிறான். ஒருநாள் அவள் அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் அழுதேன்னு நீ டெஸ்ட் எடுக்காம விட்டிருந்தா, நானே என் புள்ளைய கெடுத்துட்டேன்னு நெனச்சு நெனச்சே செத்திருப்பேன்க்கா. நல்லவேளை, நீ கேக்கல."

பஞ்சுக்கை, ஆமாம் என்றாள்.