இறங்கி நடக்கும் இடம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை மூத்த மகன் இறக்கும்வரை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. கரம்பொனில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சைக்கிள் போதும். அவனுக்குத் தொய்வு என்கிற இழுப்பு நோய் முற்றி மூச்சு இழுத்த அன்று, வாடகைக் கார்க்காரரைத் தேடிப் பிடிக்கவே மத்தியானம் கடந்துவிட்டது. பிறகு மண்டைதீவுச் சந்திக் காவலரண். அந்த ஆண்டுகளில் அங்கே எல்லாரும் இறங்க வேண்டும். வாகனத்தைச் சோதிப்பார்கள். ஆட்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, கட்டியிருந்த கயிற்றோரமாக நடந்து, அப்பால் நின்ற பூவரச மரத்தடியில் காத்திருந்து மறுபடி ஏற வேண்டும். என் மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வளர்ந்த பிள்ளை; தலை அவள் தோளில், கால்கள் அவள் முழங்கால்வரை தொங்கின. மரத்தடிக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "மூச்சிரைச்சல் குறைஞ்சிட்டுதப்பா" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. குறைந்தது இரைச்சல் இல்லை, மூச்சு என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு சமாதானம் என்றார்கள். பாதைகள் திறந்தன. இளைய மகளுக்கும் அதே தொய்வு வந்தது. மாமாவின் பழைய கார் கொட்டிலுக்குள் நின்றது, திருத்தினால் ஓடும். ஓட்ட ஆள் இல்லை.

கனடாவில் இருந்த மனைவியின் தம்பிதான் ரெலிபோனில் கார் ஓட்டும் பாடம் ஒன்றைப் பற்றிச் சொன்னான். வயது போன பிறகு முதன்முதலாக லைசன்ஸ் எடுப்பவர்களுக்கு அங்கே கொம்பியூட்டரிலேயே படிப்பிக்கிறார்களாம். "அத்தான், எனக்கும் உங்களை மாதிரித்தான் பயம். இதைப் பார்த்துத்தான் தெளிஞ்சனான். என்ரை பாஸ்வேட்டைத் தாறன், பாருங்கோ" என்றான்.

சனிக்கிழமைகளில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்து இன்ரநெற் கடைக்குப் போனேன். ஒரு பக்கம் திறக்க யுகம் எடுக்கும். பக்கத்து மேசையில் ஓர் அம்மா, லண்டன் மாப்பிள்ளையின் படம் நெற்றியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும்வரை காத்திருப்பார்.

கடைக்காரர் என் திரையை எட்டிப் பார்த்தார். "சேர், அவங்கள் வலப்பக்கத்தாலை ஓடுறவங்கள். உதைப் படிச்சிட்டு வந்து எங்கடை பஸ்ஸுக்கு முன்னாலை நிண்டிடாதேங்கோ."

"இடம் வலம் மாத்தித்தான் படிக்கிறன்" என்றேன்.

ஒரு பாடத்தின் முடிவில் படத்துடன் ஒரு கேள்வி வந்தது. தெருவில் வேலை நடக்கிறது. சீருடைக்காரர் ஒருவர் முதலில் நிற்கச் சொல்லிக் கை காட்டுகிறார். பிறகு வா என்று கையசைக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது என்ற விடையை அழுத்தினேன். பிழை என்று சிவப்புப் புள்ளடி விழுந்தது. அடுத்த சனியும் கை அதையேதான் அழுத்தியது. சரியாகச் சொல்லாமல் அடுத்த பாடம் திறக்காது.

"சேர், அவன் போகச் சொல்லுறான். போங்கோவன்" என்றார் கடைக்காரர்.

"போகச் சொன்னாலும் கொஞ்சம் நிண்டு போறதுதான் நல்லது."

"அங்கை சுடமாட்டினம்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

போவது என்பதை அழுத்தினேன். அடுத்த பாடம் அம்புலன்சைப் பற்றியது. அது பின்னால் வருகிறது. முன்னால் போகும் கார்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்குகின்றன. நடுவில் வெறும் தெரு நீண்டு கிடக்கிறது. அதை மறுபடி ஓடவிட்டேன். பிறகும் ஓடவிட்டேன். "சேர், வேறை ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்" என்று கடைக்காரர் தோளைத் தொட்டபோதுதான் எழுந்தேன்.

இங்கத்தைய சட்டங்களைத் தனியாகப் படித்து, ஓடிப் பழகி, ஒருமுறை தவறி, மறுமுறை லைசன்ஸ் எடுத்தேன். அதிக காலம் ஆகவில்லை, ஒரு காலையில் மகளுக்கு இழுக்கத் தொடங்கியது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மனைவி பின் இருக்கையில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் ஓட்டினேன்.

அப்போது மண்டைதீவில் யாரும் இறங்கத் தேவையில்லை. காவலுக்கு நின்ற இளைஞன் எங்களைக் கண்டதும் போகும்படி கையசைத்தான். என் கால் பிறேக்கை மிதித்துவிட்டது. எஞ்சினை நிறுத்தப்போன கையை இழுத்துக்கொண்டேன். அவன் மறுபடி அசைத்தான். திரையில் வந்த அந்தக் கை. நான் காரை எடுத்தேன். மெதுவாக, சரியாக, அவனைக் கடந்தேன்.

"அப்பா" என்றாள் மகள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்து, "அம்மா... ஏன்... நடக்கிறா?"

கண்ணாடியில் பார்த்தேன். நான் பிறேக் பிடித்த அந்தக் கணத்தில் மனைவி இறங்கியிருந்தாள். கயிறு இல்லாத இடத்தில் கயிற்றோரமாக நடந்து வந்தாள். ஒரு கையில் அடையாள அட்டை. மற்றக் கை, பாரம் எதையோ தோளோடு அணைத்திருப்பது போல மடிந்திருந்தது. சின்னவள் காருக்குள் தனியாகக் கிடந்தாள்.

பூவரசு நின்ற இடத்தில் நிறுத்தினேன். மரம் இல்லை, அடிக்கட்டைதான் இருந்தது. மகளின் இரைச்சல் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்வரை நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டபடியே, மனைவி அன்று நடந்த அதே நடையில் வந்து சேரும்வரை இருந்தேன்.

ஏறியவள் பிள்ளையின் தலையைத் தூக்கி நெஞ்சில் காதை வைத்தாள்.

"இரையுதோ?" என்று கேட்டேன்.

"ஓம், நல்லா இரையுது. ஓடுங்கோ."

பின்னேரம் மகள் ஆஸ்பத்திரி வாட்டில் எழுந்திருந்து தின்னப் பணிஸ் கேட்டாள். மறுநாள் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வழியில் அந்த இடம் வருவதற்குச் சற்று முன்னரே மனைவியின் கை கதவுப் பிடிக்குப் போனது. காவலுக்கு நின்றவன் போகும்படி கையசைத்தான். நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.